கறுப்பு வெல்வெட்டுக்குப் பின்னால் நின்ற மனுஷன்

மலர்க் குழுவிலிருந்து ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். காமராஜர், கலாம், விஸ்வேஸ்வரய்யா எல்லாருக்கும் முன்னாடியே ஆள் பெயர் கொடுத்தாச்சு. சரி, யாரும் தொடாத ஒருத்தரை எழுதலாம் என்று ஒரு கேமராமேனை எடுத்திருக்கிறேன். இவருக்கும் எலெக்ட்ரிகல் டிப்பார்ட்மென்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் சிரிக்கலாம். வெளிச்சம்தான் சம்பந்தம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்க அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார். வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் ஒருத்தன்தான். முகூர்த்த நாள் வந்தால் எங்க ஊர் ஸ்டுடியோ அண்ணனோடு கல்யாணத்துக்கு லைட் பிடிக்கப் போவேன். செமஸ்டர் ஃபீஸில் பாதி அதில்தான் தேறுகிறது. அப்படி ஒரு ராத்திரி, பந்திக்கு முன்னாடி மண்டப வாசலில் காபி குடிக்கும்போது அண்ணன் ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் ஹாலிவுட்டில் ஒரு சீனாக்காரர் இருந்தாராம். கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் படம் எடுப்பாராம். நீலக் கண் நடிகையின் கண்ணை அந்தத் திரையாலேயே கறுப்பாக்கி விடுவாராம். பெயர் என்ன என்று கேட்டேன். அண்ணனுக்குத் தெரியவில்லை. அவருக்கு அவர் குரு சொன்னது.

பெயர் ஜேம்ஸ் வாங் ஹவ். தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அவர் பிறந்தது 1899 ஆகஸ்ட் 28, சீனாவில் கான்டன் பக்கம். வீட்டுப் பெயர் வாங் துங் ஜிம். அப்பா பிழைப்புக்காக அமெரிக்கா போய் நார்தர்ன் பசிஃபிக் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1904ல் குடும்பத்தை அழைத்துக்கொண்டார். வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ என்ற சின்ன ஊர். அங்கே அப்பா ஒரு பலசரக்குக் கடை வைத்தார். ஐந்து வயசில் போய் இறங்கிய பையனோடு அந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாட மாட்டார்கள். அப்பா கடையிலிருந்து மிட்டாய் எடுத்துப் போய்க் கொடுத்து விளையாட்டில் சேர்ந்துகொள்வானாம். அப்பா பெயர் வாங் ஹவ் என்று இருந்ததால் அந்த ஹவ்வே பையனுக்குக் குடும்பப் பெயராகி விட்டது. ஊர் மருந்துக் கடையில் ஒரு பிரவுனி பெட்டிக் கேமரா வாங்கினான். ஆரம்பமே அதுதான்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். படிப்பு நின்றது. குத்துச்சண்டைக்குப் போனார், சின்ன உடம்புக்காரர்களின் எடைப் பிரிவில். அது சோறு போடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வந்து கிடைத்த எடுபிடி வேலை எல்லாம் செய்து, 1917ல் ஃபேமஸ் பிளேயர்ஸ் லாஸ்கி ஸ்டுடியோவில் கேமரா அறையைப் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். கீழே கிடக்கிற ஃபிலிம் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். வாரம் 10 டாலர் சம்பளம் என்று சொல்கிறார்கள். அப்போது அவருக்கு 18 நடக்கிறது. என் வயசு! இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இவரைச் சுற்றிக் கதைகள் இங்கிருந்தே தொடங்குகின்றன. செசில் பி. டெமில் என்று அன்றைக்குப் பெரிய டைரக்டர். ஒரு நாள் ஸ்லேட் பிடிக்க ஆள் வராததால் இவரைக் கூப்பிட்டார்கள். குள்ளமான பையன், கையில் ஸ்லேட்டு, வாயில் பெரிய சுருட்டு. டெமிலுக்குச் சிரிப்பு வந்து, இவனே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாராம். இன்னொன்று கானரிக் குருவி கதை. காட்சியில் குருவி பாட வேண்டும், அது வாயே திறக்கவில்லை. இவர் அதன் அலகில் சூயிங்கம் ஒட்டினாராம். அதை எடுக்கக் குருவி வாயைத் திறந்து திறந்து மூட, மௌனப் படத்தில் பாடுகிற மாதிரியே இருந்ததாம். குருவி பாவம்தான். ஆனால் படம் மௌனம், வாய் அசைந்தால் போதும் என்று அந்த வயசிலேயே யோசித்திருக்கிறார் பாருங்கள்.

இப்போது வெல்வெட் கதை. அண்ணன் சொன்னதில் பாதி நிஜம்.

மேரி மைல்ஸ் மின்டர் என்று ஒரு நட்சத்திரம். வெளிர் நீலக் கண். அந்தக் காலத்து ஃபிலிமுக்கு ஆர்த்தோகுரோமாட்டிக் என்று பெயர். அது சிவப்பு வெளிச்சத்தை உணராது, நீலத்தை அளவுக்கு மேல் உணரும். அதனால் திரையில் உதடு கறுத்துப் போகும், நீலக் கண் வெளுத்து, கருவிழியே இல்லாத மாதிரித் தெரியும். கூடுதல் காசுக்காக ஹவ் நட்சத்திரங்களைப் போட்டோ எடுத்துக் கொடுப்பார். மின்டரை எடுத்த படத்தில் கண் நல்ல அடர்த்தியாக விழுந்தது. அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். சினிமாவிலும் இப்படி வருமா என்று கேட்டார். வரும் என்று இவர் சொல்லிவிட்டார். எப்படி வந்தது என்று அப்போது அவருக்கே தெரியாது! பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. அன்றைக்கு அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்த பக்கம் கறுப்பு வெல்வெட் இருந்திருக்கிறது. கண் கண்ணாடி மாதிரி. எதிரே கறுப்பு இருந்தால் கறுப்பைக் காட்டும். பெரிய வெல்வெட் துணியில் ஓட்டை போட்டு, அதன் வழியாக லென்ஸை நீட்டி வைத்துப் படம் எடுத்தார். 1923ல் வந்த டிரம்ஸ் ஆஃப் ஃபேட், கேமராமேனாக இவருக்கு முதல் படம்.

ஊர் சும்மா இருக்குமா? மின்டர் சீனாவிலிருந்து தனியாக ஒரு மந்திரக்காரரைக் கொண்டு வந்திருக்கிறார், அவர் கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு படம் பிடிக்கிறார் என்று பேச்சு பரவியது. நீலக் கண் நடிகர்கள் எல்லாம் இவரைத் தேடி வந்தார்கள். சீனாவிலிருந்து வந்தவர் என்றால் ஐந்து வயசில் வந்தவர். பாஸ்கோவில் பலசரக்குக் கடை வைத்தவர் மகன். அங்கே மந்திரம் ஏது? பிரதிபலிப்பு. நாம் பிளஸ் ஒன் வயசில் ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸில் படித்தது. சில வருஷத்தில் எல்லா நிறத்தையும் உணர்கிற பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவலாக வந்தது, வெல்வெட்டுக்கு வேலை இல்லாமல் போனது. கதை மட்டும் நூறு வருஷம் தாண்டி எங்க ஊர் மண்டப வாசல் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

1920களின் கடைசியில் சொந்தமாக ஒரு படம் பண்ணும் ஆசையில் சீனா போனார். அது நடக்கவில்லை. திரும்பி வந்தால் ஹாலிவுட்டில் பேசும் படம் வந்துவிட்டது. ஒலிப்பட அனுபவம் இல்லை என்று யாரும் வேலை தரவில்லை. போன வருஷம் வரைக்கும் தேடித் தேடி வந்தவர்களே கதவை மூடினார்கள். 1931ல் டிரான்ஸ்அட்லான்டிக் என்ற கப்பல் கதைதான் இவரைத் தூக்கிவிட்டது. அகன்ற கோண லென்ஸ் போட்டு, கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுத்தார். செட்டுக்கு மேல்கூரை போட்டார். இதே விஷயத்துக்காக எல்லாரும் புகழ்கிற சிட்டிசன் கேன் வந்தது 1941ல். பத்து வருஷம் கழித்து!

அப்புறம் எம்.ஜி.எம். கம்பெனி. அதுவரைக்கும் டைட்டிலில் ஜேம்ஸ் ஹவ் என்று வந்த பெயருக்கு நடுவில் வாங் சேர்ந்தது இங்கேதான். விளம்பரத்துக்குச் சீன வாசனை வேண்டுமாம். 1934ல் இவர் எடுத்த மன்ஹாட்டன் மெலோடிராமா என்ற படத்தைப் பார்த்துவிட்டுச் சிகாகோ தியேட்டரிலிருந்து வெளியே வந்தபோதுதான் ஜான் டில்லிஞ்சர் என்ற கொள்ளைக்காரனை ஃபெடரல் ஏஜென்டுகள் சுட்டார்கள். இது கட்டுரைக்குத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி அவர் வாயைப் பற்றி.

ஹவ் பேசாமல் இருக்க மாட்டார். கூட வேலை பார்த்தவர்களில் பலர் அவரைப் பொல்லாதவர் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். டைரக்டர் ஆனாலும் ஆர்ட் டைரக்டர் ஆனாலும் தப்பு என்று பட்டால் செட்டிலேயே சொல்லிவிடுவார். கீழே இருக்கிறவர்களைத் திட்டவும் செய்வார். நான் அவர் செட்டில் லைட் பிடித்திருந்தால் முதல் நாளே அழுதுகொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். இதை நல்ல குணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சண்டைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே விஷயத்துக்காகத்தான் இருக்கும். இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஜன்னலா, விளக்கா, மெழுகுவர்த்தியா? காரணம் இல்லாமல் ஒரு வெளிச்சமும் முகத்தில் விழக்கூடாது. இருட்டாக இருக்க வேண்டிய இடம் இருட்டாகவே இருக்கட்டும். இருட்டை அவ்வளவு நேசித்ததால் அவருக்கு லோ கீ ஹவ் என்றே பட்டப்பெயர். படம் பார்த்தவர்கள் கதையை விட்டுவிட்டு ஒளிப்பதிவைப் பாராட்டினால், வேலையில் எங்கேயோ கோளாறு என்று நினைக்கிற ஆள்.

1938ல் வந்த டாம் சாயர் படத்தை டெக்னிகலரில் எடுத்தபோது பெரிய தகராறு. அந்தக் காலத்தில் வண்ணப் படம் என்றால் கேமராவும் டெக்னிகலர் கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும், கூடவே அவர்களுடைய வண்ண ஆலோசகரும் வந்துவிடுவார். நிறைய வெளிச்சம் போடு, நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்பது அவர்கள் கட்சி. கிராமத்துப் பையன்களின் கதை, குகைக்குள் நடக்கிற காட்சி, இதற்கு எதற்குக் கல்யாண வீட்டு வெளிச்சம் என்பது இவர் கட்சி. தன் வழியில்தான் எடுத்தார். குகைக் காட்சிகளைப் பாருங்கள், யார் சொன்னது சரி என்று தெரியும். ஆனால் அதன் பிறகு பல வருஷம் வண்ணப் படம் இவர் கைக்கு வரவில்லை. வாய்க்கு விலை உண்டு.

எனக்கு ஆச்சரியம் எங்கே என்றால், இப்படிப் பேசிய ஆளுக்குக் காலுக்குக் கீழே நிலமே கிடையாது. 1882லிருந்து இருந்த சட்டப்படி சீனர்கள் அமெரிக்கக் குடிமகனாக முடியாது. அது 1943ல்தான் நீங்கியது. அதுவரைக்கும், எத்தனை நட்சத்திரங்களை அழகாக்கினாலும், அவர் வெளியாள்தான். யுத்த காலத்தில் ஜப்பானியர் என்று நினைத்து யாராவது அடித்துவிடக் கூடாது என்று, நான் சீனன் என்று எழுதிய பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு போனார். அவர் நண்பர் ஜேம்ஸ் காக்னி, அசல் வெள்ளைக்கார நடிகர், தானும் அதே பேட்ஜைக் குத்திக்கொண்டு நடந்தாராம். காக்னி செய்ததை நினைத்தால் நன்றாக இருக்கிறது. ஹவ் செய்ததை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. நான் அவன் இல்லை, அவனை வேண்டுமானால் அடி என்று சொல்வது போல ஆகிவிடுகிறதே. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் குத்தியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

கல்யாண விஷயம் இதைவிடப் பெரிது. சனோரா பாப் என்ற வெள்ளைக்கார எழுத்தாளரை விரும்பினார். 1937ல் இருவரும் பாரிஸில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கலிஃபோர்னியா சட்டத்தில் அந்தக் கல்யாணம் செல்லாது, வெள்ளைக்காரரும் சீனரும் மணக்கத் தடை. ஸ்டுடியோ ஒப்பந்தத்தில் நன்னடத்தைப் பிரிவு வேறு. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்டிடத்தில் தனித்தனி வீட்டில் குடியிருந்தார்கள். 1948ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை அடித்தது. அதற்கு அப்புறமும் இவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க ஒரு நீதிபதியைத் தேடி மூன்று நாள் அலைந்தார்களாம். கடைசியில் கிடைத்தவரும், இந்தப் பொண்ணுக்கு வயசாகிறது, தெரிந்துதானே செய்கிறாள், அது அவள் பாடு என்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டேதான் நடத்தி வைத்தாராம். பாரிஸ் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1949ல். எங்க தெருவில் இந்த மாதிரி விஷயத்துக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தப் பத்தியை வெளிநாட்டுக் கதை என்று என்னால் படிக்க முடியவில்லை.

அந்தக் காலத்திலேயே ஹவ் ஒரு சீன ஓட்டல் வைத்திருந்தார். அதை வைத்து ஒரு கதை உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓட்டலைப் போட்டோ எடுக்க ஒரு போட்டோகிராபர் வந்தார். முகப்பு முழுக்க ஃபிரேமுக்குள் வரவில்லை. பின்னால் போகிறார், இன்னும் பின்னால் போகிறார், நடு ரோட்டுக்கே வந்துவிட்டார், கார்கள் ஹாரன் அடிக்கின்றன. உள்ளே இருந்து வந்த ஹவ், அகன்ற கோண லென்ஸ் போட்டால் நடைபாதையிலிருந்தே எடுத்துவிடலாமே என்றாராம். உன் வேலை நூடுல்ஸ் கிண்டுவது, அதைப் போய்ப் பார், போட்டோவை என்னிடம் விடு என்று அந்த ஆள் விரட்டிவிட்டாராம். நடந்ததோ, யாரோ கட்டியதோ. ஆனால் இந்த மாதிரி விரட்டப்பட்டவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதை நிஜம்.

1947ல் பாடி அண்ட் சோல் என்ற குத்துச்சண்டைப் படம். ரிங்குக்கு வெளியே கேமராவை நிறுத்தி எடுப்பதுதான் வழக்கம். இவர் சின்னக் கேமராவைக் கையில் எடுத்து, காலில் ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு, ஒருத்தரைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லி, சண்டை போடுகிறவர்கள் நடுவிலேயே சுற்றி வந்தார். வயசு 47. இதுவும் புருடா என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, நிஜம். அந்தக் காட்சியைப் பார்த்தால் அடி நம்ம மேல் விழுகிற மாதிரி இருக்கும். பாஸ்கோவை விட்டு வந்தபின் போட்ட சண்டைகள் வீண் போகவில்லை.

பத்து தடவை ஆஸ்கருக்குப் பெயர் போனது. கிடைத்தது இரண்டு: 1955ன் தி ரோஸ் டாட்டூ, 1963ன் ஹட். ஹட் டெக்சாஸில் எடுத்தது. அழகான மேகங்கள் இருந்தால் கேமராமேன்கள் ஃபில்டர் போட்டு அதை இன்னும் எடுப்பாகக் காட்டுவார்கள். இவர் தலைகீழாக, மேகமே தெரியாமல் வானத்தை வெறுமையாக்கினார். அந்தக் கதையில் வரும் மனுஷங்க மனசு மாதிரி ஒரு மொட்டை வானம். பரிசு கிடைக்காத படங்களில் 1957ன் ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்சஸ் முக்கியம். நியூயார்க் ராத்திரியைத் தெருவிலேயே எடுத்தார். கிளப் சுவரெல்லாம் பளபளக்க எண்ணெய் பூசினார்கள். வில்லனாக வரும் பர்ட் லங்காஸ்டரின் மூக்குக் கண்ணாடிக்கு லேசாக வாசலின் தடவி, தலைக்கு மேலிருந்து லைட் கொடுத்தார்கள். அவருக்கு எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. அதனால் அந்தப் பார்வை ஒருத்தர் மேலும் நிற்காமல் எல்லாரையும் துளைத்துக்கொண்டு போகும். மொத்தச் செலவு ஒரு டப்பா வாசலின்!

வயசான பிறகு பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். ஒரே ஒரு சாதாரண அறை செட். அதையே மாணவர்கள் வேற வேற நேரமாக, வேற வேற மனநிலையாக லைட் வைத்து மாற்றிக் காட்ட வேண்டும். இதைப் படித்த அன்றைக்கே ஹாஸ்டல் ரூமில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரு டேபிள் லேம்ப், ஒரு வெள்ளை வேட்டி, ரூம்மேட் முகம் என்று முயற்சி பண்ணினோம். வார்டன் கதவைத் தட்டும் வரைக்கும் நன்றாகத்தான் போனது.

கடைசிப் படம் 1975ன் ஃபன்னி லேடி. ஓய்விலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். நடுவில் மயங்கி விழுந்து, சில நாள் வேறொருவர் பார்த்துக்கொள்ள, திரும்பி வந்து வேலையை முடித்தார். அதற்கும் ஆஸ்கரில் பெயர் போனது. 1976 ஜூலை 12ம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். 130 படங்களுக்கு மேல்.

போன தை மாசம் ஒரு கல்யாணத்தில் பொண்ணு முகத்துக்கு நேர் எதிரே, ஆறடி தூரத்தில் லைட்டை வைக்கச் சொன்னார் அண்ணன். மூக்குத்தியும் நெற்றியும் எரிந்து போய், முகம் தோசை மாதிரி தட்டையாக விழப்போகிறது என்று எனக்குத் தெரியும். பக்கவாட்டில் தள்ளி வைத்து, எதிர்ப் பக்கம் வெள்ளைத் துணி பிடித்தால் போதும். தெரிந்தும் சொல்லவில்லை. லைட் பிடிக்கிற பையன் என்ன சொல்வது? ஆல்பம் வந்ததும் அந்தப் பொண்ணு ஒரு படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒண்ணும் சொல்லவில்லை. பக்கத்தைத் திருப்பியது.

அடுத்த மாசம் ஒரு வளைகாப்பு இருக்கிறது, நான்தான் லைட். வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்துப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன்கிட்ட எப்படி ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்ன வெல்வெட் கதையிலிருந்தே ஆரம்பித்து, அந்தச் சீனாக்காரர் பெயரை முதலில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.